தோல் பட்டையும் இரண்டு கடிதங்களும்

1. மடத்து வாசல்

“சார், கேமரா கீய வுழுந்துச்சு. பெரிய லென்ஸு ரெண்டா பூட்ச்சு.”

கலைவாணி போனில் இதைச் சொன்னபோது பின்னால் நாதஸ்வரம் கேட்டுக்கொண்டிருந்தது. எங்கள் கம்பெனியின் மூத்த போட்டோகிராபர் அவள். பதறிப் பேசி நான் கேட்டதில்லை. அன்றுதான் முதல்முறை.

“யாருக்காவது அடி பட்டுச்சா?”

“பொண்ணோட மாமா கால்ல வுழுந்துச்சு சார். வெரலு வீங்கிக்கீது. இன்னொரு கேமரா பாடி கீது, அத்த வெச்சி எடுத்துக்கினு கீறேன்.”

“ஸ்ட்ராப் போட்டிருந்தியா?”

“இல்ல சார். வாசல்லயே கயட்ட சொல்ட்டாங்க.”

அதற்குமேல் அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இது நடக்கும் என்று நான் முன்பே எழுத்தில் கொடுத்திருந்தேன்.

ஒரு பத்திரிகை அலுவலகத்தில் கேமராக்களைப் பராமரிக்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதன்பின் தி.நகரில் திருமணப் படம் எடுக்கும் ஒரு கம்பெனியில் கருவிகளுக்குப் பொறுப்பாளனாகச் சில வருடங்கள் இருந்தேன். முதலாளி தினேஷ், என் மகன் வயது. படித்தவர், மரியாதையாகப் பேசுவார், சொல்வதைக் கேட்கமாட்டார். ஒருநாள் கம்பெனியின் பெயரைப் பொன்னெழுத்தில் பொறித்த தோல் ஸ்ட்ராப்கள், கேமராவைத் தோளில் மாட்டும் பட்டைகள், வந்திறங்கின. எல்லா போட்டோகிராபர்களும் அதைத்தான் மாட்ட வேண்டுமாம்.

“தினேஷ், மயிலாப்பூர்ல சில இடத்துல தோல் உள்ள விடமாட்டாங்க. பெல்ட்டு, பர்ஸைக்கூட வாசல்ல வெச்சுட்டுத்தான் போகணும்” என்றேன்.

“சார், இது பிரீமியம் லெதர்.”

“எவ்வளவு பிரீமியமா இருந்தாலும் மாட்டுத் தோல்தானேப்பா.”

சிரித்தார். கேமராவோடு வந்த, கேமரா கம்பெனியின் பெயர் போட்ட நைலான் பட்டைகளை ஒரு மூட்டையாகக் கட்டிப் பழைய சாமான்காரரிடம் தூக்கிக் கொடுத்தார். “கேமரா கம்பெனிக்கு நாம ஏன் சார் ஃப்ரீயா விளம்பரம் பண்ணணும்?” என்று வேறு கேட்டார். ஒவ்வொரு பையிலும் ஒரு நைலான் பட்டை உபரியாக இருக்க வேண்டும் என்று மெயில் அனுப்பினேன். பதிலாக ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

அந்தக் கல்யாணம் மயிலாப்பூரில் ஒரு மடத்து மண்டபத்தில். வாசலில் இருந்தவர் தன் வேலையைச் சரியாகச் செய்தார். தோல் பட்டைகளைக் கழற்றி வாங்கி வைத்துக்கொண்டார். கலைவாணி உடனே முதலாளியைப் போனில் கூப்பிட்டாள். அவர் சொன்ன பதில்: “கையிலயே புடிச்சுக்கோம்மா. புரொஃபஷனல்ஸ் எல்லாம் கையிலதான் புடிப்பாங்க.”

2. பட்டையைப் பற்றிக் கொஞ்சம்

இளைஞர்கள் படிப்பார்கள் என்பதால் இதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ராப் வேண்டாம் என்பதற்கு எங்கள் ஆட்கள் சொன்ன காரணங்கள் பலவகை. கழுத்து வலிக்கிறது. ஊர் சுற்றிப் பார்க்க வந்தவன் மாதிரி இருக்கிறது. “கேமரா இன்னா சார் நாய்க்குட்டியா, கட்டிக்கினு சுத்த?” என்று ஒருவன் கேட்டான். கெட்டிக்காரன் என்று அவனுக்கு நினைப்பு.

கழுத்து வலித்தால் கழுத்தில் மாட்டாதே. தோளிலிருந்து எதிர் இடுப்புக்குக் குறுக்கே போடு. மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்வது ஸ்ட்ராப் போட்டதாகாது. யாராவது இழுத்தால் கேமராவோடு கையும் போகும். பையிலிருந்து கேமராவை எடுக்கும் முன்பே பட்டை தோளுக்கு வந்துவிட வேண்டும். பெரிய லென்ஸ் போட்டால், அந்த லென்ஸின் வளையத்தில் மாட்ட வேண்டும். கேமரா பாடியில் மாட்டினால், லென்ஸ் பொருந்தும் மவுன்ட் தளர்ந்துவிடும். கொக்கியைத் தினமும் இழுத்துப் பார்க்க வேண்டும்.

ஸ்ட்ராப் ஆகாத இடமும் உண்டு. ட்ரைபாடில் ஏற்றியபின் கழற்றிவிடுங்கள். தொங்கும் பட்டையை யார் வேட்டியாவது கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு போகும். ஹோமத்துக்குப் பக்கத்தில் குனிந்தால் தீப்பிடிக்கும். மேஜையில் கேமராவை வைத்துப் பட்டையை விளிம்பில் தொங்கவிடுகிறவனைப் பார்த்தால் எனக்கு இன்றும் அறையத் தோன்றுகிறது.

இதில் எதுவும் ரகசியமில்லை. கேமராவோடு வரும் கையேட்டின் முதல் பக்கங்களிலேயே பாதி இருக்கிறது. அந்தப் பக்கங்களை யாரும் திறப்பதில்லை.

3. மாமாவின் கட்டைவிரல்

அன்று மாலையே மண்டபத்துக்குப் போனேன். பெண்ணின் மாமா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொன்றில் காலை நீட்டி, விரலில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்ததும் கையமர்த்தினார்.

“நீங்க எதுக்கு சார் இதெல்லாம்? மாலை மாத்தறச்சே பொண்ணைத் தோள்ல தூக்கிண்டு நான்தான் சட்டுனு திரும்பினேன். என் முழங்கை போட்டோ எடுக்கற அந்தப் பொண்ணோட கையில இடிச்சுடுத்து. அவ என்ன பண்ணுவா, பாவம்.”

“டாக்டரைப் பாத்தீங்களா?”

“பாத்தாச்சு, எலும்புக்கு ஒண்ணும் இல்லையாம். அது கிடக்கட்டும், மாலை மாத்தின போட்டோ வந்துதோன்னோ?”

வந்திருந்தது. கேமரா விழுவதற்கு முந்தைய படத்தில் அவர் முகம் முழுக்கச் சிரிப்பு.

4. இரண்டு கடிதங்கள்

மறுநாள் தி.நகர் ஆபீஸில் என் மேஜைமேல் தினேஷ் இரண்டு கடிதங்களை வைத்தார். பொறுப்பாளர் என்ற முறையில் இரண்டிலும் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

முதலாவது இன்சூரன்ஸ் கம்பெனிக்கு. கூட்ட நெரிசலில் எதிர்பாராத விபத்து என்றும், கேமராவை வைத்திருந்த ஊழியர் உரிய கவனத்துடனேயே இருந்தார் என்றும் எழுதியிருந்தது. இரண்டாவது கலைவாணிக்கு. கடும் கவனக்குறைவால் கருவியைச் சேதப்படுத்தியதால் இன்றோடு வேலையிலிருந்து நீக்கப்படுகிறார்.

கலைவாணியின் குடும்பம் ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து, நகரத்துக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அரசு மாற்றிய குடும்பம். விடியற்கால முகூர்த்தத்துக்கு இருட்டில் கிளம்பி பஸ் மாறி வருவாள். அந்த வீட்டில் மாதச் சம்பளம் அவளுடையது மட்டும்தான். இதெல்லாம் தினேஷுக்கும் தெரியும். ஆனால் இரக்கத்தைப் பேசி அவரிடம் எதுவும் வாங்க முடியாது. எனக்குத் தெரிந்தது நடைமுறை. அதையே பேசினேன்.

“தினேஷ், ஒண்ணுல கவனமா இருந்தாங்கறீங்க. இன்னொண்ணுல கவனக்குறைவுங்கறீங்க. எது நிஜம்?”

“சார், அது அவங்களுக்கு, இது இவளுக்கு. ரெண்டும் வேற வேற பேப்பர்.”

“விழுந்த கேமரா ஒண்ணுதானே?”

அவர் இன்சூரன்ஸ் கடிதத்தை என் பக்கம் தள்ளினார்.

“இன்சூரன்ஸ்லேருந்து விசாரிக்க சர்வேயர் வருவார். கேமராவை வெச்சிருந்த ஆளைக் கூப்பிடும்பார். அவளை வேலைய விட்டு எடுத்தாச்சுன்னு சொல்லுவீங்களா? ஏன் எடுத்தீங்கன்னு கேட்டா இந்த ரெண்டாவது லெட்டரைக் காட்டுவீங்களா? அதோட க்ளெய்ம் முடிஞ்சுது. அவ வாசல்லேருந்து உங்களைக் கூப்பிட்டதையும் சொல்லுவா. ஸ்ட்ராப் எங்கன்னு என்னைக் கேட்டா, நான் அனுப்பின மெயிலைக் காட்டுவேன்.”

“நீங்க யார் பக்கம் சார்?”

“ரெண்டுல ஒண்ணுலதான் நான் கையெழுத்துப் போடுவேன். எதுலன்னு நீங்க சொல்லுங்க.”

தினேஷ் கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். லென்ஸின் விலை அவர் கண்ணில் ஓடியது எனக்கே தெரிந்தது. பிறகு கலைவாணியின் கடிதத்தை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார். “சரி, பாவம், இருந்துட்டுப் போகட்டும்” என்றார். அந்தப் ‘பாவம்’ என்ற சொல்லை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கலைவாணி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று முகமே சொன்னது.

“வேலை போகலை. முதலாளி வெச்சுக்கறேன்னுட்டார்” என்றேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. “எனக்காவயா சார், லென்ஸுக்காவயா?”

“லென்ஸுக்காக.”

“அப்டி சொல்லு சார்” என்று பெருமூச்சு விட்டாள். “நீ வேற மாரி சொல்லிருந்தா நாளிக்கி அவருக்கு தேங்க்ஸ் சொல்லியிருப்பேன்.”

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் தோளுக்குப் பொருந்தும் ஒரு நைலான் பட்டையை உங்கள் சொந்தக் காசில் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். “கையிலயே புடிச்சுக்கோ” என்று யாராவது போனில் சொன்னால், அதை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். வராவிட்டால் கேமராவைப் பையிலிருந்து எடுக்காதீர்கள்.