நெவில் போட்ட இரண்டு ஓட்டு

ஏணியைச் சுவரில் சாத்துவதற்கு முன்னால் நெவில் ஸ்கிப்வொர்த் ஒரு விசில் அடிப்பார். பாட்டெல்லாம் இல்லை, ஒரே சுரம், நீட்டி. மாடி அறையில் யாராவது பாதி உடுப்பில் இருந்தால் சுதாரித்துக்கொள்ளட்டும் என்பதற்காக. பிறகு கொஞ்சம் பொறுத்து ஏறுவார். ஈரத் துணியால் ஒரு சுற்று, ரப்பர்ப் பட்டையால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. இடுப்பில் தொங்கும் உலர்ந்த துணியால் ஓரங்களை ஒற்றிவிட்டு, தலையைச் சாய்த்து வெளிச்சத்துக்கு எதிரே பார்ப்பார். "நான் பாக்கறது கண்ணாடியத்தான். உள்ள என்ன நடக்குதுன்னு பாக்கறது என் வேலை இல்ல," என்பார். எங்கள் ஊரில் பாதி வீடுகளுக்கு அவர்தான் ஜன்னல் துடைக்கிறவர். இந்தப் பேச்சை நம்புகிறவர் அந்தப் பாதி ஊரில் ஒருவரும் இல்லை.

எழுபதைத் தாண்டியாயிற்று. கம்பளித் தொப்பி ஜூலை மாதத்திலும் தலையை விட்டு இறங்காது. ஜன்னல் துடைப்பது போக அவருக்கு இன்னொரு தொழிலும் உண்டு: சலித்துக்கொள்வது. மழை பெய்தால் மழையைத் திட்டுவார், பெய்யாவிட்டால் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு என்பார். டாக்டரைப் பார்க்க நேரம் கிடைக்காதது, பஸ்ஸை நிறுத்திவிட்டது, குப்பை வண்டி ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வருவது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி முடித்துவிட்டு, "சரி, நமக்கென்ன, குறை சொல்லக் கூடாது," என்று வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார். எங்கள் லிங்கன்ஷயர் மாவட்டத்தில் நலம் விசாரிப்பது என்றால் இதுதான்.

ஓட்டையும் அவர் இதே கணக்கில்தான் வைத்திருந்தார். எங்கள் தொகுதியில் கழுதைக்கு அந்த ஒரே கட்சியின் நீல ரிப்பனைக் குத்தி நிறுத்தினாலும் ஜெயிக்கும். அப்பன் காலத்திலிருந்து அப்படித்தான். ஆகவே நெவிலுக்கு ஓட்டுப் பெட்டி என்பது புகார்ப் பெட்டி. ஒரு தடவை கோழி வேஷம் போட்டு நின்ற ஆளுக்குப் போட்டார். இன்னொரு தடவை சீட்டின் குறுக்கே "ஒருத்தனும் வேண்டாம்" என்று எழுதிப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எது போட்டாலும் காலையில் அதே ஆள்தான் ஜெயித்திருப்பான். போட்ட ஓட்டு எதையும் அசைக்காது என்பது, மழை மேலிருந்து கீழே விழும் என்பதைப் போல, அவருக்குச் சந்தேகமில்லாத விஷயம்.

அவர் மனைவி மாவிஸ் வேறு ரகம். மூன்று தலைமுறைக் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் உருளைக்கிழங்கு பரிமாறியவள். ஒரு பார்வையில் பையன்களை உட்கார வைப்பாள். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்த பிறகு வார்த்தைகள் எண்ணித்தான் வரும், பார்வை மட்டும் குறையவில்லை. அவளைக் குளிப்பாட்டி, உடுத்தி, நாற்காலியில் உட்கார வைக்கத் தினமும் காலையில் லைமா வருவாள். லிதுவேனியாக்காரி. சைக்கிளில் வந்து, ஈரச் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, "மாவிஸ், இன்னிக்கு நாம அழகி," என்றபடியே உள்ளே நுழைவாள். கோடையில் பீட்ரூட்டும் மோரும் கலந்து பளீரென்ற ரோஜா நிறத்தில் ஒரு குளிர்ந்த சூப் செய்து எடுத்து வருவாள். நெவில் அதைப் பார்த்து முகத்தைச் சுளிப்பார், மாவிஸ் கிண்ணத்தை வழித்துக் குடிப்பாள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, விலகுவதா என்று நாட்டையே கேட்ட அந்த ஜூன் மாதம், மாவிஸால் ஓட்டுச் சாவடிக்குப் போக முடியவில்லை. தன் சார்பாகக் கணவன் போடலாம் என்று முறைப்படி ஏற்பாடு செய்துகொண்டாள். முதல் நாள் மாலையே அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "எனக்கு, இருக்கணும்னு போடு. லைமாவுக்காக." நெவில் தலையை ஆட்டினார். மாவிஸ் கையை விடவில்லை. "சத்தியமா?" என்று கேட்டாள். "சத்தியமா, கண்ணு," என்றார்.

மறுநாள் லைமா வரத் தாமதமாகிவிட்டது. அவளை அனுப்பும் ஏஜென்சி, யாரோ ஒரு கிழவர் விழுந்துவிட்டார் என்று முதலில் அங்கே திருப்பிவிட்டிருந்தது. அதைச் சொல்ல நெவிலுக்கு ஒருவரும் போன் செய்யவில்லை. மாவிஸின் படுக்கை நனைந்துபோயிற்று. நெவில் தனியாகப் புரட்டத் தெரியாமல் புரட்டி, விரிப்பை உருவத் தெரியாமல் உருவ, மாவிஸ் சுவரைப் பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். தன் உடம்பை அவர் அந்த நிலையில் பார்க்கிறாரே என்ற அழுகை. கடைசியில் லைமா மழையில் தெப்பலாக நனைந்து வந்து நின்றபோது, நெவிலுக்கு ஏஜென்சியின் மேல் இருந்த கோபம், டாக்டர்மேல் இருந்த கோபம், பஸ்மேல் இருந்த கோபம் எல்லாம் அவள்மேல் திரும்பியது. "இங்க எல்லாம் நேரம்னா நேரம். உங்க ஊர் மாதிரி இல்ல," என்றார். லைமா மன்னிப்புக் கேட்டாள். அவர் தொப்பியை இழுத்து மாட்டிக்கொண்டு ஓட்டுப் போடக் கிளம்பிவிட்டார்.

எங்களுக்கு மெதடிஸ்ட் சபைக்கூடம்தான் சாவடி. வாசல் கம்பியில் நாய்களைக் கட்டிவிட்டு உள்ளே போவோம். சாவடியில் வைத்திருக்கும் பென்சிலால் போட்டால் ராத்திரியோடு ராத்திரியாக அழித்துவிடுவார்கள் என்று அந்த வருஷம் ஒரு வதந்தி. நெவில் வீட்டிலிருந்தே பேனா எடுத்துப் போயிருந்தார். இரண்டு சீட்டு கொடுத்தார்கள். ஒட்டுப்பலகைத் தடுப்புக்குள் நின்று தன் சீட்டில் "விலக வேண்டும்" என்ற கட்டத்தில் அழுத்திப் பெருக்கல் குறி போட்டார். லண்டன்காரர்களின் முழங்காலில் ஒரு உதை, அவ்வளவுதான். எப்படியும் அந்தப் பக்கம் ஜெயிக்கப் போவதில்லை என்று டெலிவிஷனே சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு மாவிஸின் சீட்டைப் பிரித்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். நனைந்த விரிப்பு கண்முன் வந்தது. அதே கோபத்தோடு கை அதே கட்டத்துக்குப் போயிற்று. இந்த முறை தொகுதி என்று ஒன்று கிடையாது, நாடு முழுக்க ஒரே பெட்டி, விழுகிற ஒவ்வொரு சீட்டும் எண்ணப்பட்டு ஏதோ ஒரு பக்கத்தில் கூடும் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

விடிந்ததும் உறைத்தது. விலகும் பக்கமே ஜெயித்திருந்தது. டெலிவிஷன்காரர்களே வெளிறிப்போயிருந்தார்கள். லைமா அன்றைக்குச் சீக்கிரமே வந்துவிட்டாள், கண் வீங்கியிருந்தது. மாவிஸ் தலையணையில் சாய்ந்தபடி நல்ல கையை நீட்டி அவளை அருகே இழுத்தாள். "அழாத, கண்ணு. நாங்க ரெண்டு பேரும் உனக்குத்தான் போட்டோம். என்னோடதயும் இவர்தான் கொண்டுபோனார்." லைமா திரும்பி நெவிலின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். "நன்றி, மிஸ்டர் நெவில். நேத்து நீங்க கோவிச்சப்ப, இவருமான்னு நெனச்சிட்டேன். தப்பு என்மேல." நெவில் கையை உருவிக்கொள்ளவில்லை. உண்மையைச் சொல்லாமல் நின்ற அந்த நிமிஷத்தைத்தான் இன்றுவரை அவரால் விழுங்க முடியவில்லை.

அன்றைக்குத் தெருவில் யாரும் யாரையும் எதற்குப் போட்டாய் என்று கேட்கவில்லை. கேட்பது எங்களிடம் வழக்கமில்லை. ஏறக்குறைய நாலில் மூன்று பேர் விலகவே போட்டிருந்த ஊர், ஆனாலும் லிதுவேனியாக்காரர் மளிகைக்கடையைக் கடக்கும்போது எல்லாருக்கும் திடீரென்று தங்கள் செருப்பைப் பார்க்க வேண்டியிருந்தது. அந்தக் கடையின் கண்ணாடியில் யாரோ முட்டை அடித்திருந்தார்கள். நெவில் ஏணியை இறக்கி அதைக் கழுவினார். கூலி வாங்க மறுத்துவிட்டார். கடைக்காரர் விடாமல் புகையில் வாட்டிய சாசேஜ் ஒரு முழ நீளம் காகிதத்தில் சுற்றிக் கையில் திணித்தார். ஊருக்கெல்லாம், "நல்ல மனுஷன்யா," என்று வேறு சொல்லி வைத்தார். நெவிலுக்கு அந்த சாசேஜைக் கடித்துப் பார்க்கக்கூட மனம் வரவில்லை. பக்கத்து வீட்டு நாய்க்குப் போட்டார்.

அதிலிருந்து அவர் நல்லவராக இருக்கப் படாதபாடு பட்டார். லைமாவின் சைக்கிளுக்குக் காற்றடித்து வைப்பார். அவள் வருவதற்குள் டீ போட்டு, கோப்பையைத் தட்டால் மூடி வைப்பார். ரோஜா நிற சூப்பைக் கேட்டு வாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு குடிப்பார். கல்யாணமான நாள் முதல் கேட்காமல் ஒருவருக்கும் டீ போட்டுத் தந்தறியாத மனிதர். மாவிஸ் நாற்காலியில் இருந்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள், "இவ்ளோ நல்லவனா நீ எப்பேர்ந்து ஆன?" என்று கேட்டாள். தண்ணீர் கொதிக்கிறதா பார்க்கிறேன் என்று நெவில் சமையலறைக்குப் போய்விட்டார்.

சொல்லிவிடலாம் என்று நினைக்காமல் இல்லை. ஏணியின் உச்சியில் நிற்கும்போது வார்த்தைகள் ஒழுங்காக அடுக்கி வரும், தரைக்கு வந்ததும் கலைந்துபோகும். ரெண்டு ஓட்டு குறைந்திருந்தால் மட்டும் நாடு நின்றிருக்குமா என்று தனக்குத்தானே வாதாடிப் பார்ப்பார். நாட்டைப் பற்றி யார் கேட்டார்கள்? ஒன்றுக்குமே உதவாத தன் கைக்குப் பதிலாக மாவிஸ் அவர் கையை நம்பினாளே, அதற்கு என்ன பதில்? ஒருதரம் தலையணையைச் சரிசெய்துகொண்டே, "மாவிஸ், அன்னிக்கு அந்த ஓட்டு விஷயம்..." என்று ஆரம்பித்தும்விட்டார். மாவிஸ் கண்ணைத் திறந்து நேராகப் பார்த்தாள். அதற்குள் லைமா வெந்நீர்ப் பாத்திரத்தோடு உள்ளே வந்தாள். "மழை வரும் போலருக்கு," என்று முடித்துக்கொண்டார் நெவில். மாவிஸ் மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள், பிறகு என்ன என்று கேட்கவே இல்லை.

மூன்று வருஷத்துக்கு மேல் கழித்து, சென்ற டிசம்பரில் மறுபடியும் தேர்தல் வந்தது. இன்னும் இழுபறியில் கிடந்த விலகலை முடித்துத் தருகிறேன் என்று ஒருவர், வேண்டாம் என்று ஒருவர், அதே சண்டை. "குளிர் ஆளைக் கொல்லுது. அந்தத் தடவை மாதிரி உன்னுதயும் நானே போட்டுடறேன்," என்றார் நெவில், முடிந்த அளவு சாதாரணமாக. மாவிஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "நான் போறேன்," என்றாள். தரையெல்லாம் பனி உறைந்து வழுக்குகிறது, சக்கர நாற்காலி அந்தப் படியில் ஏறாது, நெஞ்சில் சளி வேறு என்று அவர் காரணங்களை அடுக்கினார். எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு அவள் மறுபடி, "நானே போறேன்," என்றாள்.

லைமா விடுமுறை நாளில் வந்து, இரண்டு கம்பளியைச் சுற்றி, சபைக்கூடம் வரைக்கும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவளுக்கு இங்கே ஓட்டு இல்லை. நாய்கள் கட்டிய கம்பியருகே நின்றுகொண்டாள். உள்ளே நெவில் தள்ளினார். சீட்டைக் கொடுத்த அம்மாள் மாவிஸின் மடியில் கிடந்த வலது கையைப் பார்த்துவிட்டு, கணவர் உதவலாம், விதியில் இடம் இருக்கிறது, அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்று கனிவாகச் சொன்னாள். "வேண்டாம்," என்றாள் மாவிஸ். அவள் இவ்வளவு தெளிவாக ஒரு வார்த்தை சொல்லி வெகுநாளாகிவிட்டது. நெவில் தாழ்வான மேசையருகே நாற்காலியை நிறுத்தி, பிரேக்கைப் போட்டார். அவள் இடது கையால் சீட்டை விரிக்க முயன்றாள், அது வழுக்கிக்கொண்டு போயிற்று. பிடித்துக்கொடுக்கலாம் என்று நெவில் குனிந்து கை நீட்டினார்.

மாவிஸ் இடது கையால் தன் செத்த வலது கையைத் தூக்கினாள். ஒரு மரக்கட்டையை வைப்பதுபோல அதை மேசைமேல், சீட்டுக்கும் அவருக்கும் நடுவே வைத்தாள். முழங்கையை வெளியே தள்ளி, கம்பளியின் முனையை இழுத்து, மீதியிருந்த இடைவெளியையும் மூடினாள். அதற்குப் பிறகுதான் பென்சிலை எடுத்தாள்.