தலைமயிருக்காகச் செய்த சத்தியம்

பனை தறிக்க அனுமதி எடுக்கவில்லை என்று மருதனார்மடத்தடியில், பனங்குற்றி ஏற்றிவந்த எங்கள் உழவு இயந்திரத்தைப் பொலிஸ் மறித்தது. பனை முதலாளியுடையது. இயந்திரமும் அவருடையது. தறித்த கை மட்டும் என்னுடையது. அன்று பின்னேரமே முதலாளி பிணையில் வீட்டுக்குப் போய்விட்டார். எனக்குப் பிணை நிற்க அரசாங்க உத்தியோகம் பார்க்கும் இரண்டு பேர் வேண்டும் என்றார்கள். எனக்குத் தெரிந்த அரசாங்க உத்தியோகத்தர்கள், என்னைப் பிடித்த அந்தப் பொலிஸ்காரர் இரண்டு பேரும்தான்.

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சமூகக் கல்விப் பாடத்தில் விளங்காதது, பிணை கிடைக்காதவர்களை அடைத்துவைக்கும் மறியல் கூடத்தில் ஆட்கள் படுக்கிற ஒழுங்கைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. இருந்த ஒரேயொரு மின்விசிறிக்குக் கீழே, ஆளை அடித்த வழக்கில் வந்த ஒரு விடுதி முதலாளி. அவரைச் சுற்றி வழக்கறிஞர் உள்ளவர்கள். பிறகு வீட்டுச் சாப்பாடு வருகிறவர்கள். கடைசியில், கக்கூஸ் வாசலோடு, நானும் பருத்தித்துறை மீன்பிடிகாரர் ஒருவரும். அவர் தடைசெய்த வலையோடு பிடிபட்டவர். வலை, படகு முதலாளியான சம்மாட்டியுடையது. சம்மாட்டி அன்று கடலுக்குப் போகவில்லை.

தம்புள்ளைச் சந்தையில் மரக்கறி மூட்டை சுமந்த காலத்தில் சிங்களம் படித்திருந்தேன். அது தெரிந்ததும் ஜெயிலர் என்னை மொழிபெயர்ப்பாளன் ஆக்கினார். கூடத்துக்காரர் என் பாயை வாசலிலிருந்து இரண்டு பாய் தள்ளிப் போட இடம் விட்டார்கள். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு அதுதான்.

ஒரு காலை ஜெயிலர் வந்து, கூடத்தில் பேன் பரவிவிட்டது, நாளைக்கு எல்லோருக்கும் தலைமயிர் ஒட்ட வெட்டப்படும் என்றார். மின்விசிறியடி ஐயாவுக்கு மட்டும் விலக்கு. அவருக்கு வழக்குத் தவணை கிட்டடியில் இருந்ததாம்.

“பேனுக்கும் ஆள் பாத்து ஏறத் தெரியுது,” என்றது வாசல் பக்கத்துக் குரல் ஒன்று.

மீன்பிடி அண்ணை சிரிக்கவில்லை. அவருடைய மயிர் தோளில் கிடந்தது. மகளுக்கு இருதயத்தில் சத்திரசிகிச்சை செய்தபோது, பிள்ளை எழும்பி நடந்தால் ஒரு வருடம் வளர்த்த மயிரைச் சந்நிதி முருகனுக்குக் கொடுப்பதாக நேர்ந்திருந்தார். பிள்ளை நடந்துவிட்டது. வருடம் முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

“தம்பி, வேணுமெண்டால் என்ரை தலையை வெட்டச் சொல்லு. மயிரிலை கை வைக்க வேண்டாமெண்டு சொல்லு.”

“தலையை வெட்டினால் மயிரும் சேர்ந்தெல்லோ போகும், அண்ணை.”

“பகிடி விடாதை. பிள்ளையின்ரை உயிர்.”

அன்று அவர் மனைவியும் பார்க்க வந்திருந்தா. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று என்னிடமே கேட்டா: “இவரின்ரை முடி மறியல் குப்பைக்கை போச்செண்டால் நான் சந்நிதியான்ரை முகத்திலை எப்பிடி முழிக்கிறது?”

நான் ஜெயிலரிடம் போனேன். அவர் மணிக்கட்டில் மஞ்சள் நூல், மேசையில் சிங்களவரும் கும்பிடுகிற கதிர்காமத்து முருகன் படம். அதைக் கண்டதும் என் வாய் தானாக வேலை செய்தது. அண்ணையின் நேர்த்தி கதிர்காமத்துக்கு என்றேன். அது போதாது என்று தோன்றியதால், நடந்தே போகப் போகிறார் என்றேன். ஜெயிலர் பக்தியோடு கதிரையை விட்டு எழும்பிவிட்டார். அவர் முகத்தைப் பார்த்து எனக்கு ஆசை கூடியது. எனக்கும் அப்போது நல்ல சுருள் மயிர். “நானும் கூடத்தான், சேர்,” என்றேன்.

நேர்ந்தவர்களுக்கு வெட்டு இல்லை என்றார் ஜெயிலர். இந்தக் கதை எப்படியோ கூடத்துக்குப் போய்விட்டது. அடுத்த நாள் காலை மயிர் வெட்டும் மெசினோடு வந்த ஜெயிலருக்கு முன்னால் முழுக்கூடமும் நேர்த்திக்காரராக நின்றது. ஒரு வழுக்கைத் தலையரும் நின்றார்.

“உமக்கென்ன நேர்த்தி?” என்று ஜெயிலர் கேட்டதைத் தமிழில் சொன்னேன்.

“முளைக்க வேணுமெண்டு.”

ஜெயிலர் கோபப்படவில்லை. படத்தைக் கொண்டுவந்து வைத்தார், ஒரு தட்டில் கற்பூரம் கொளுத்தினார். உண்மையாக நேர்ந்தவர்கள் அதில் அடித்துச் சத்தியம் செய்யட்டும் என்றார். பொலிசுக்குப் பொய் சொல்வது வேறு, கற்பூரத்துக்குச் சொல்வது வேறு. வரிசை கரைந்தது. வழுக்கைத் தலையர்தான் முதலில் போனார். மிஞ்சியது அண்ணையும் நானும்.

நானும் கரைந்திருப்பேன். ஆனால் நான் விலகினால் அண்ணைக்காகச் சொன்னதும் பொய்யென்று ஆகிவிடும்.

“தம்பி, நான் சந்நிதிக்கெல்லோ நேந்தனான்?” என்று அவர் காதுக்குள் கேட்டார்.

“நீங்கள் நேந்ததையே சொல்லி அடியுங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்.”

“நடக்கிறதெண்டும் சொன்னியாமே?”

“அது நான் நடக்கிறன்.”

அவர் சந்நிதி முருகனைச் சொல்லி அடித்தார். ஜெயிலருக்குத் தமிழ் தெரியாது. முருகன் என்ற சொல் கேட்டதே அவருக்குப் போதும். பிறகு நான் கதிர்காமத்தைச் சொல்லி, நடந்து போவேன் என்று அடித்தேன். உள்ளங்கை சுட்டது.

அப்போது வாசல் பக்கத்துக் குரல் மறுபடி எழும்பியது. “மின்விசிறியடி ஐயாவும் தன்ரை தலையிலை பேனில்லையெண்டு ஒருக்கா அடிக்கட்டும்!”

அன்று நான் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தது இதை மட்டும்தான். தட்டு அவருக்கு முன்னால் போனது. தேவைக்கு அதிகமாக எரிந்தது கற்பூரம். அவர் கை பாதி வழி வந்து, பழக்கத்தில் தலையைச் சொறிந்தது. முதல் வெட்டு அவருக்குத்தான் விழுந்தது.

எங்கள் இரண்டு பேருக்கும் வேப்பெண்ணெயும் ஒரு பேன் சீப்பும் தந்தார்கள். பிணை கிடைக்கும்வரை ஒருவர் தலையை ஒருவர் வாரினோம். கூடம் முழுக்க மொட்டையான பிறகு யார் எவர் என்று தூரத்தில் தெரியவில்லை. படுக்கிற ஒழுங்கு மட்டும் மாறவில்லை.

அண்ணை சொன்ன நாளில் சந்நிதியில் மயிரைக் கொடுத்தார். அந்த வருடம் கதிர்காம யாத்திரை சந்நிதியிலிருந்து புறப்பட்டபோது மொட்டைத் தலையோடு வழியனுப்பவும் வந்தார். மகள் ஓடிவந்து என் கையில் ஒரு தண்ணீர்ப் போத்தலைத் தந்தது. ஓடித்தான் வந்தது, பார்த்துக்கொண்டு நின்றேன்.

கதிர்காமத்துக்கு ஒன்றரை மாத நடை. எண்ணெய் வைத்தும் சாகாத சில பேன்களும் என்னோடு கூட வந்தன. சத்தியம் செய்யாமலே நடந்தவை அவைதான்.