நேராக நின்ற என் வீடு

ஷூ கம்பெனி தையல் பிரிவில் நான் சூப்பர்வைசர். எங்கள் ஆம்பூர் தெருப் பெண்கள் சேர்ந்து, தெருவில் பிறந்த குழந்தைக்கு ஒட்டுத்துணிப் போர்வை தைத்தோம். ஆளுக்கு ஒரு சதுரம், அதில் துணியில் வெட்டித் தைத்த ஒரு வீடு.

"ஸ்கேல்லாம் வேணாம், தோணுற மாதிரி வெட்டுங்க" என்றார் சொல்லிக்கொடுத்த டீச்சர். உருப்பட்ட மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன். தையலே தெரியாத ஷமீமின் வீடு மழையில் சரிந்த கோழிக்கூடு மாதிரி இருந்தது.

"இதுல மனுஷன் குடியிருப்பானா?" என்றேன். சிரித்துக்கொண்டாள்.

நான் அளந்துதான் வெட்டினேன். பாதியில் மெஷின் ஊசி உடைந்தது. கம்பெனியில் உடைந்த துண்டுகள் அத்தனையும் காட்டினால்தான் வேறு ஊசி தருவேன். ஒன்று குறைந்தாலும் வேலையை நிறுத்தித் தேடவைப்பேன். இந்தக் கந்தலுக்கு அதெல்லாம் எதற்கென்று புது ஊசி மாட்டித் தைத்து முடித்தேன்.

கொடுக்கப் போகும் அன்று, போர்வையை மடித்த ஷமீம் வெடுக்கென்று கையை இழுத்தாள். விரலில் ரத்தம். கூரைத் துணிக்கு அடியில் ஊசி முனை.

"உங்க வீட்லதான்க்கா இருக்குது" என்றாள்.

இப்போதெல்லாம் வீட்டில் ஊசி உடைந்தாலும் எல்லாத் துண்டும் கிடைத்த பிறகுதான் மெஷினைத் தொடுகிறேன். ஷமீமின் வீடு கோணல்தான், இன்றும் சொல்வேன். ஆனால் பிள்ளையைப் படுக்கவைக்க லாயக்கில்லாமல் இருந்தது என் வீடுதான்.