மாமாவின் சுவிஸ் வாட்ச்

மாமா அந்த வாட்ச்சைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. அம்மா அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தார். அப்பா நாளிதழை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. மலேசியாவில், உலு திராம் என்ற ஊரில் எங்களோடுதான் இருந்தார். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூர் தொழிற்சாலைக்குப் போய்விடுவார். சிறு வயதிலிருந்து அவரை வளர்த்தது அம்மாதான். அதனால் அம்மா சொல்வதை மறுத்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. சாஆ என்ற ஊரில் பெண் பார்த்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை போகிறோம் என்று அம்மா சொன்னபோதும் தலையைச் சொறிந்துகொண்டு வெளியே போய்விட்டார்.

அந்த வாரம்தான் அந்த வாட்ச் வந்தது. மஞ்சளாக மின்னியது. பழசு, தெரிந்தவரிடம் வாங்கினேன் என்று மட்டும் மாமா சொன்னார்.

எங்கள் வீட்டில் மஞ்சளாக எது வந்தாலும் முதலில் நகைக்கடைக்குத்தான் போகும். மாமா குளிக்கப் போன நேரம் பார்த்து அம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு ஆசாரியிடம் போனார். அவர் வாட்ச்சின் ஓரத்தை உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்தார். கல்லில் ஒன்றும் ஒட்டவில்லை. வாட்ச்சில்தான் மஞ்சள் போய் வெள்ளையாக ஒரு கீறல் விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வெடித்தார்.

"தங்கமே இல்லையாம்டா! எவனோ உன்ன நல்லா ஏமாத்திட்டான்."

"நான் தங்கம்னு சொன்னேனாக்கா? சுவிஸ் வாட்ச்சுக்கா அது. ஐயோ, கீறிட்டீங்களே."

"சுவிஸ்னு யாரு சொன்னது? வித்தவன் சொன்னானா? சாஆக்காரங்க கேட்டா நான் என்னா சொல்றது?"

கேள்வி அப்பாவின் பக்கம் திரும்பியது. வாட்ச் அசலா போலியா, என்ன பெறும் என்று தெரிந்துகொண்டு வர வேண்டும். மாமா "வேணாம் அத்தான், விடுங்க" என்று இரண்டு முறை முனகினார். அப்பா பாவம், வாட்ச்சையும் என்னையும் எடுத்துக்கொண்டு ஜொகூர் பாருவுக்குப் பஸ் ஏறினார்.

வாட்ச் கடைக்காரர் வயதான சீனர். கண்ணில் ஒரு சிறு பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு, முகப்பின் அடியில் எறும்பு போல் இருந்த எழுத்துகளைப் படித்தார். பின்மூடியைத் திறந்தார். மூடியின் உள்பக்கத்தில், முன்பு பழுது பார்த்தவர்கள் ஊசியால் கீறி வைத்த குறிகள் இருந்தன. பலர் கை பட்ட வாட்ச் என்று அவற்றைக் காட்டினார். பிறகு மலாயில் நிதானமாக விளக்கினார். மேலே தங்க முலாம்தான், உள்ளே எஃகு. ஆனால் இயந்திரம் அசல் சுவிஸ், பேட்டரியில் ஓடுவது, சாவி கொடுக்கத் தேவையில்லை. நல்ல பொருள். அந்தக் கீறலைத் தடவிப் பார்த்து மட்டும், "அலமாக், யார் செய்தது?" என்று வருத்தப்பட்டார். அப்பா கூரையைப் பார்த்தார்.

விலை சொல்லும் முன் அவர் ஒன்று கேட்டார். சின்னது எங்கே?

அப்பாவுக்குப் புரியவில்லை. இந்த வகை தனியாக விற்பனைக்கு வந்ததே இல்லையாம். ஒரே பெட்டியில் இரண்டு, ஆணுக்குப் பெரியது, பெண்ணுக்குச் சிறியது. ஜோடியாக இருந்தால் நல்ல விலை, ஒற்றையாக இருந்தால் பாதிகூட வராது என்றார். சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. வாட்ச்சைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நான் கேட்காமலேயே எனக்கு ஒரு கிண்ணம் ஐஸ் கச்சாங் வாங்கித் தந்தார்.

"கடையில பேசினத வீட்டுல பேச வேணாம், பாப்பா."

அம்மாவிடம் அவர் அசல் சுவிஸ் என்பதை மட்டும் சொன்னார். அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நான் அதிகம் பேசாத பிள்ளை. யாராவது கேட்டால் பதில் சொல்வேன், கேட்டதற்கு மட்டும் சொல்வேன். ஆனால் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அதையேதான் நினைத்துக்கொண்டிருப்பேன்.

ஞாயிறு காலை மாமா வெளியே மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே துடைத்ததுதான்.

"கடைக்காரர் என்னா சொன்னாரு, பாப்பா?"

நாங்கள் நின்றது வாசலுக்கு வெளியே. அது வீடு ஆகாது என்று எனக்குப் பட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். மாமாவின் கை அப்படியே நின்றது. பிறகு மறுபடியும் அதே இடத்தைத் துடைத்தார்.

சாஆ போகும் வேன் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே போனது. சாஆவில் பெண் வீட்டு வாசலில் எல்லோரும் செருப்பைக் கழற்றும்போது, அவர் வாட்ச்சைக் கழற்றி என் கையில் மாட்டினார். அது முழங்கை வரை ஓடியது.

"கை வேர்க்குது, நீ போட்டுக்க. யாராவது கேட்டா உள்ளத சொல்லு."

நாங்கள் பார்க்கப் போன அக்கா தேநீர் கொடுத்துவிட்டு என்னையும் அடுப்படிக்குக் கூட்டிப்போனார். என் கையைத்தான் முதலில் பார்த்தார்.

"இது யாரு வாட்ச்சு?"

"மாமாவோடது."

"இவ்ளோ பெரிசா இருக்கே, உனக்குக் கனக்கலையா?"

"சின்னது வேற இருக்கு. இது ஜோடின்னு கடைக்காரரு சொன்னாரு."

"சின்னது யாருகிட்ட இருக்கு?"

"தெரியாது. வீட்டுல அதப் பத்திப் பேசக்கூடாதாம்."

அக்கா வாட்ச்சின் ஓரத்துக் கீறலை விரலால் தொட்டார். பிறகு டின்னைத் திறந்து இரண்டு கை நிறைய முறுக்கு கொடுத்துவிட்டு, தன் அம்மாவைத் தனியே அழைத்துப்போனார். கொஞ்ச நேரத்தில் அவருடைய அப்பா முன்னறைக்கு வந்து, பெண் இன்னும் படிக்க ஆசைப்படுகிறது, தவறாக நினைக்க வேண்டாம் என்றார். அக்கா எங்களை வழியனுப்ப வரவில்லை.

திரும்பும் வழியெல்லாம் அம்மா பொரிந்தார்.

"இவ்ளோ நேரம் இல்லாத படிப்பு எங்கேருந்துலா வந்துச்சு? எல்லாம் இவனாலதான். சுவிஸ் வாட்ச்ச சின்னப் பிள்ளை கையில மாட்டிட்டு, வெறுங்கையோட போயி உக்காந்தா எவன் பொண்ணு குடுப்பான்?"

அப்பா இருமினார். மாமா என் பக்கம் கையை நீட்டி வாட்ச்சை வாங்கிக் கட்டிக்கொண்டார். நான் சரியாக வைத்திருக்கவில்லை என்று வாங்கிவிட்டாரோ என எனக்கு அழுகை வந்தது. அவரோ ஜன்னல் பக்கம் திரும்பி மெல்லச் சீட்டியடித்தார்.

சில மாதம் கழித்து மாமா ஓர் அக்காவை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார். அவருடன் அதே தொழிற்சாலையில் வேலை செய்பவர். கழுத்தில் சிறிய சிலுவை. அம்மா நெடுநேரம் அந்தச் சிலுவையையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அந்த அக்காவின் கையைப் பார்த்தேன். மாமாவுடையதைப் போலவே ஒரு வாட்ச், என் மணிக்கட்டுக்குக்கூடச் சரியாக இருக்கும் அளவில், கீறல் இல்லாமல் மின்னியது.

எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. யாரும் கேட்காமலேயே நான் வாய் திறந்தது அன்றுதான்.

"அப்பா, கடைக்காரரு சொன்னது சரிதான்!"

அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அப்பா நாளிதழை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டார். மாமா என் தலையில் கை வைத்தார். ஜோடி சேர்ந்துவிட்டது, இனி நல்ல விலைக்குப் போகும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.