தேர் போன வழியில் வந்த லோங்காங்

நகராண்மைக் கழகத்தில் திட்டமிடல் பிரிவு என்றால், ஊரில் யார் எதைத் தோண்டினாலும் திட்டு வாங்குகிற பிரிவு. நேற்றுப் போட்ட தாரை இன்று பறிக்கிறார்களே என்று மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வயிறெரிந்தவரா நீங்கள்? வாருங்கள், நாம் ஒரே கட்சி. நீங்கள் வெளியே நின்று எரிகிறீர்கள், நான் உள்ளே உட்கார்ந்து எரிகிறேன். மலாக்கா மாநிலத்தில் ஜாசின் பக்கம் ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம், சம்பளம் வாங்குகிற இடம்.

ஏறிய ரோடு

மேலிடத்து மானியம் எங்களுக்கு ஆண்டுக் கடைசியில்தான் வரும். உடனே செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும். அவசரத்துக்குச் செய்யக்கூடிய வேலை தார் போடுவது ஒன்றுதான். பழைய தார்மேல் புதுத் தார், அதன்மேல் இன்னொன்று. கடைவீதி ரோடு ஏற ஏற, லெட்சுமி அக்காவின் சாப்பாட்டுக் கடை பள்ளத்துக்குப் போனது. மழை பெய்தால் தண்ணீர் நேரே அடுப்படிக்கு வந்துவிடும்.

இன்னொரு மழைக்காலம் தாங்காது, கடையை மூடிவிட்டு மலாக்காவில் மகளோடு போய் இருந்துவிட வேண்டியதுதான் என்று அக்கா முடிவுக்கு வந்திருந்தார். எனக்கு அது வருத்தமாக இருந்தது. நுரைக்க ஆற்றிய தே தாரிக் டீயை என் முன்னால் வைத்துவிட்டு அவர் சொன்னார்: “முன்னெல்லாம் படி ஏறி வருவாங்கம்மா. இப்ப இறங்கி வர்றாங்க. அடுத்த வருசம் ஏணி வைக்கணும் லா.”

எல்லாரும் மோதிக்கொண்ட படம்

கடைக்கு முன்னால் ஆழமாக ஒரு லோங்காங், அதாவது வடிகால், வெட்டினால் தண்ணீர் வடிந்துவிடும். ஆனால் வடிகால் பிரிவு தன் வரைபடத்தில் லோங்காங் போட்டிருந்த அதே இடத்தில் பூங்காப் பிரிவு பூத்தொட்டி வைத்திருந்தது, ரோடு பிரிவு கார் நிறுத்த இடம் விட்டிருந்தது. ஒவ்வொரு பிரிவுக்கும் தனி மானியம், தனி வரைபடம். எல்லாவற்றையும் ஒரே படத்தில் போட்டுக் கூட்டத்தில் காட்டினேன்.

ரோடு பிரிவின் என்சிக் ஹலிம் நல்ல மனிதர். வெகுநேரம் பார்த்துவிட்டு, மலாயில் பணிவாகச் சொன்னார்: “என் படத்துல எல்லாம் சரியாத்தான் இருக்கு, மிஸ். உங்க படத்துலதான் பிரச்சினை.”

மூங்கிலோடு ஒரு நடை

சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் எங்கள் ஊர் மாரியம்மன் கோயில்காரர்கள் தேர் உயரத்துக்கு ஒரு மூங்கிலைத் தூக்கிக்கொண்டு தேர்ப்பாதை முழுக்க நடப்பார்கள். கிளையோ கம்பியோ தட்டுகிறதா என்று பார்க்கத்தான். அந்த வருடம் மூங்கில், லெட்சுமி அக்கா கடைக்கு எதிரே டெலிபோன் கம்பியில் இடித்தது. தேரை உயரமாக்கிவிட்டார் என்று கோயில் தலைவர் தச்சரோடு சண்டைக்குப் போய்விட்டார். தேர் வளரவில்லை ஐயா, ரோடுதான் வளர்ந்திருக்கிறது என்று நான் விளக்கி முடிப்பதற்குள் தச்சர் கோபித்துக்கொண்டு பக்கத்தூர் பெம்பானுக்குப் போயே விட்டார்.

எனக்கு அப்போதுதான் யோசனை வந்தது. எல்லாப் பிரிவுக்காரர்களையும் அழைத்து அந்த மூங்கிலுக்குப் பின்னால் நடக்கவிட்டேன். அக்கா கடை முன்னால் வந்ததும், என் இடம், உன் இடம் என்று ஆரம்பித்தார்கள். அந்நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் கடைக்குள் ஓடினோம், தண்ணீரும் கூடவே வந்தது. காலிலிருந்து கழற்றிய நனைந்த சப்பாத்தைத் தூக்கிப் பிடித்தபடி என்சிக் ஹலிம் கேட்டார்: “இது யார் பிரிவுத் தண்ணி?”

திரும்பி வந்த படி

அந்த மழைக்குப் பிறகு என் படத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். தனித்தனியாகக் கேட்பதை விட்டு, வீதி முழுக்க ஒரே திட்டமாக மானியம் கேட்டோம். மிச்சத்தை அடுத்த ஆண்டுக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று மேலிடமும் இறங்கி வந்தது. பழைய தாரைச் சுரண்டி எடுத்து, லோங்காங் வெட்டி, அதன் பிறகே புதுத் தார் போட்டோம்.

அடுத்த திருவிழாவில் கொட்டுகிற மழையில் தேர் கம்பியைத் தொடாமல் போனது. நான் தேரைப் பார்க்கவில்லை, அக்காவின் அடுப்படியைத்தான் பார்த்தேன். தரை காய்ந்து கிடந்தது. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மலாக்கா போகும் பேச்சையே விட்டுவிட்ட அக்காவோ அலுத்துக்கொண்டார்: “மறுபடியும் படி ஏறி வர்றாங்கம்மா. முட்டி வலிக்குதுன்னு இப்ப எங்கிட்டதான் கம்ப்ளைண்ட்.”

ஒருங்கிணைந்த நகரத் திட்டமிடல் என்றால் என்ன என்று யாராவது கேட்டால், தேர் உயரத்துக்கு ஒரு மூங்கிலும் நேரம் பார்த்துப் பெய்கிற ஒரு மழையும் என்றுதான் இப்போதெல்லாம் சொல்லி வருகிறேன்.