அறுந்து போக வேண்டிய கம்பி

எங்கள் வீட்டில் விளக்கு அணையாது. மலையேறும். அல்லது நாங்கள் அதைக் குளிர வைப்போம். அணைவது, அறுவது, தீர்ந்துபோவது போன்ற சொற்களுக்கு அம்மா வீட்டுக்குள் இடமே கொடுத்ததில்லை. வாய் தவறிச் சொல்லிவிட்டால் உதட்டில் ஒரு தட்டு விழும். பானையில் அரிசி இல்லையென்றால்கூட 'நெறஞ்சு போச்சு' என்றுதான் சொல்ல வேண்டும். சொல்லுக்கு இவ்வளவு பயந்த ஒருத்தியை ஒரு சொல்தான் கெடுத்தது என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசையில் எங்கள் வீடு. அப்பாவுக்குப் பட்டறையில் வேலை. எங்கள் வரிசைக்கு மின்சாரம் வந்து அதிகக் காலம் ஆகியிருக்கவில்லை. முன்னறைக் கதவுக்கு மேலே, ஒரு மரப்பலகையில், வெள்ளைப் பீங்கானில் சின்னதாக ஒன்று பொருத்தியிருந்தார்கள். அதற்குள் பியூஸ் இருக்கிறது என்று சொன்னார்கள். பியூஸ் என்றால் என்னவென்று எங்களில் யாரும் கேட்கவில்லை.

அக்காவுக்குக் கிள்ளானில் மாப்பிள்ளை அமைந்தது. துறைமுகத்தில் வேலை. பெண் பார்க்க வந்த அன்று அவர் குனிந்த தலை நிமிரவில்லை, அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு மாதம் அக்காவைக் கேலி செய்தேன். அவளுக்கு அவரைப் பிடித்துப்போயிருந்தது. அதை யாரும் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. கிள்ளான் ரயில் ஊதினால் அவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள்.

நிச்சயத்தன்று, சரியாகத் தட்டு மாற்றும் நேரத்தில் வீடு இருண்டது. வாசலில் கட்டிய கலர் பல்புகள், இரவல் வாங்கிய மின்விசிறி எல்லாவற்றையும் ஒரே இணைப்பில் மாட்டியிருந்தார் மாமா. மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார், எதற்கும் முதல் ஆளாக நிற்பார். பாரம் தாங்காமல் பியூஸ் போய்விட்டது. நடுக்கூடத்தில் குத்துவிளக்கு அசையாமல் எரிந்துகொண்டுதான் இருந்தது. அதை யார் பார்த்தார்கள்? அத்தனை பேரும் அண்ணாந்து பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாப்பிள்ளையின் தாயார் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். பெரியவர்கள் பேசிச் சமாதானம் செய்து, குத்துவிளக்கு வெளிச்சத்திலேயே தட்டு மாற்றி முடித்தார்கள். ஆனால் கிளம்பும்போது அந்த அம்மாள் என் தாயைத் தனியே அழைத்து, "இன்னிக்குச் சரி. தாலி கட்டுறப்ப இப்படி ஆச்சுன்னா நாங்க எந்திரிச்சுப் போயிருவோம்" என்றார். குரலை உயர்த்தவில்லை. அதனாலேயே அம்மா நடுங்கிப்போனாள்.

மறுநாள் குழாயடியில் துணியை அலசிக்கொண்டே அக்கா அழுதாள். "அந்தக் கம்பிக்கு என் மேல என்னடி கோவம்?" என்று என்னிடம் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? நானும் சேர்ந்து அழுதேன்.

அன்றே மின்சார இலாகாவிலிருந்து வயர்மேன் வந்தார். ஏணி போட்டு ஏறி, உருகிப்போன கம்பியை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றைக் கட்டினார். தையல் நூல் மாதிரி இருந்தது. அதைப் பார்த்ததும் அம்மாவுக்குத் திக்கென்றது. இனிமேல் போகாத மாதிரி கெட்டிக் கம்பியாகப் போட்டுத் தரும்படி கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அறுந்து போறதுக்குத்தாம்மா இதை வைக்கிறதே. இது அறுந்தா வீடு தப்பிச்சிரும்."

அம்மாவின் காதில் முதல் பாதிதான் விழுந்தது. தாலி ஏறப்போகிற வீட்டில் நின்றுகொண்டு ஒரு மனிதர் அறுவதைப் பற்றிப் பேசுகிறார்! தாலியறுத்தவள் என்று வசை இருக்கிற மொழியில் வளர்ந்தவளுக்கு அந்தச் சொல்லைத் தாண்டி மறுபாதிக்குப் போக முடியவில்லை. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த காப்பியைக்கூடக் கொடுக்காமல் அவரை அனுப்பிவிட்டாள். அந்த வார்த்தை விழுந்த இடத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள்.

அவர் சொன்னது எவ்வளவு எளிய விஷயம் என்று இப்போது எனக்குத் தெரியும். கம்பிகளில் தாங்குகிற அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் அவை சூடேறும். கூரைக்குள்ளும் சுவரிலும் ஓடுகிற கம்பி சூடேறித் தீப்பிடிப்பதற்கு முன்னால், பீங்கானுக்குள் பத்திரமாக இருக்கிற இந்த மெல்லிய கம்பி உருகி, மின்சாரம் வரும் வழியைத் துண்டித்துவிடும். வீட்டிலேயே நோஞ்சான் கம்பி அதுதான். நோஞ்சானாக இருப்பதுதான் அதன் வேலை. இப்போதைய வீடுகளில் கம்பியும் இல்லை, ஒரு கறுப்பு விசை தானாகவே கீழே விழுந்து நிறுத்திவிடுகிறது. எதுவானாலும் சங்கதி ஒன்றுதான்.

வயர்மேன் செய்யாததை மாமா செய்தார். செம்புக் கம்பியை இரண்டாக முறுக்கி அந்தப் பீங்கானுக்குள் வைத்துக் கட்டினார். "இனிமே யானை கட்டி இழுத்தாலும் போகாதுக்கா" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அவர் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள்.

கல்யாணத்தன்று விளக்கு நின்று எரிந்தது. விடிவதற்கு முன்பே முகூர்த்தம். பந்தல் முழுக்கப் பல்புகள், ஒன்றுகூட மினுக்கவில்லை. மாப்பிள்ளையின் தாயார் முகத்திலும் சிரிப்பைப் பார்த்தேன். அக்கா கழுத்தில் தாலி ஏறியபோது அம்மா பல்பைப் பார்த்துத்தான் கும்பிட்டாள். இரண்டு நாளில் பந்தலைப் பிரித்தார்கள். கலர் பல்புகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். செம்புக் கம்பியை எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த வருஷம் அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்தாள். பெண் குழந்தை. பின்னறையில் கட்டில் போட்டு, கொசுவலை கட்டி, தாயையும் பிள்ளையையும் படுக்க வைத்திருந்தோம். அது மழைக்காலம். ஒரு மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு அடித்துப் பெய்தது. அறைக்குள் ஒன்றும் தெரியாததால் விளக்கைப் போட்டிருந்தோம். கூரை ஒழுகியது. அந்த ஈரம் விளக்குக் கம்பிக்குள் இறங்கியிருக்கிறது. உளுத்துப்போன உறைக்குள்ளே இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று தொட்டுவிட்டன.

பழைய கம்பி இருந்திருந்தால் விளக்கு போயிருக்கும். நாங்கள் இருட்டில் உட்கார்ந்து மழையையும் இலாகாவையும் திட்டியிருப்போம். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

ஆனால் மாமாவின் கம்பி விட்டுக்கொடுக்கவில்லை. கூரையிலிருந்து தொங்கிய கம்பி முழுக்கப் பற்றிக்கொண்டது. உறை உருகிச் சொட்டுச் சொட்டாகக் கொசுவலை மேல் விழுந்தது. வலை ஒரு மூச்சில் எரிந்துவிட்டது. நான் பின்வாசலில் தண்ணீருக்கு வாளி வைத்துக்கொண்டிருந்தேன். அக்கா சன்னல் வழியாகக் குழந்தையை நீட்டினாள். "பிடிடி" என்றாள். பிடித்தேன். அவள் சேலை எரிந்துகொண்டிருந்தது.

அப்பாவும் பக்கத்து வீட்டாரும் போர்வையைப் போட்டு அமுக்கித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்தாள். கடைசிவரை குழந்தை பால் குடித்ததா என்றுதான் கேட்டாள். பிறகு அவள் போய்விட்டாள். மலையேறினாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அக்கா செத்துப்போனாள்.

இலாகாக்காரர்கள் வந்து பீங்கானைத் திறந்தபோது செம்புக் கம்பி வைத்தபடியே இருந்தது. மாமா அதைப் பார்த்துவிட்டுத் தண்டவாளத்தோரம் போய் உட்கார்ந்தார். அப்பா போய்த்தான் கூட்டிக்கொண்டு வந்தார். அம்மா தம்பியை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்டால் தன்னையும் கேட்டுக்கொள்ள வேண்டுமே. இருவரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, முகம் பார்க்காமல், குழந்தையை மட்டும் கைமாற்றிக்கொண்டார்கள்.

அந்தக் குழந்தைக்குக் காதுகுத்து வைத்தபோது முந்தின நாள் சாயங்காலமே கிள்ளானிலிருந்து எல்லோரும் வந்துவிட்டார்கள். ஆட்கள் நிறைந்த வீடு, கூடுதலாக இரண்டு விளக்கு, பீங்கானுக்குள் இலாகாக்காரர்கள் திரும்பக் கட்டிய மெல்லிய கம்பி. திடீரென்று எல்லாம் இருண்டது. மாப்பிள்ளையின் தாயார் இருட்டில் "நல்ல காரியத்துல…" என்று ஆரம்பித்தார்.

"அறுந்து போகட்டும்" என்றாள் அம்மா.

அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து கேட்டது அதுதான் முதல் தடவை. "அது அறுந்து போகட்டும், சம்பந்தி. என் புள்ள கட்டில்ல படுத்திருந்தப்ப அறுந்து போயிருக்கக் கூடாதா" என்றாள். அக்கா போனபோதுகூட இறுகிப்போய் உட்கார்ந்திருந்தவள், அன்று அத்தனை பேர் நடுவில் வாய்விட்டு அழுதாள். சம்பந்தியம்மாள் எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

மாமா ஏணியைக் கொண்டுவந்து போட்டார். நான் அரிக்கேனைத் தூக்கிப் பிடித்தேன். கட்டுவதற்கு முன் அவர் புதுக் கம்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, குழந்தையை இடுப்பில் வைத்தபடி ஏணிக்குக் கீழே நின்றாள்.

"மெல்லிசா இருக்கா, தம்பி?" என்று கேட்டாள்.

"மெல்லிசுதாங்க்கா" என்றார் மாமா.