மணி அடித்துச் சொன்ன கைக்கடிகாரம்

ஏலக் கம்பெனியில் பட்டியல் எழுதுகிறவனுக்கு எந்தப் பொருளானாலும் ஒரே ஒரு வரிதான். அந்த ஒரு வரிக்காக முதலாளியோடு மல்லுக்கு நின்றவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

தனி நம்பர்

தொண்ணூறுகளில் தி.நகரில் வேலை. ஞாயிறுதோறும் ஏலம். பீரோ, ஃபேன், சோபா, இவைதான் வரும். ஒருநாள் மந்தைவெளியிலிருந்து வீணை டீச்சர் வேதவல்லி வந்தார். கைக்குட்டையைப் பிரித்து ஒரு தங்கக் கைக்கடிகாரத்தை மேஜையில் வைத்தார். அவர் மாமனாருக்கு வெள்ளைக்கார முதலாளி ஊர் திரும்பும்போது கொடுத்ததாம். கிழமை, தேதி, மாதம், பிறை எல்லாம் காட்டும். பக்கத்தில் இருக்கும் சின்ன விசையை இழுத்தால் அப்போதைய நேரத்தை மணியடித்தே சொல்லும். ஆனால் பல வருஷமாக அந்த மணி அடிக்கவில்லை.

சுவர்க் கடிகாரங்களோடு சேர்த்துத் தள்ளிவிடு என்றார் முதலாளி. ஏலத்தில் தனி நம்பர் கொடுக்காவிட்டால் பட்டியலில் எழுத மாட்டேன் என்றேன். மூணு வாரம் கழித்து வரும் ஏலத்துக்குள் மணி அடித்தால் தருகிறேன் என்று இறங்கி வந்தார். விற்ற பணத்தில் மாடியில் வீணை வகுப்புக்கு ஓர் அறை கட்டுவது டீச்சரின் திட்டம். குறைந்தபட்ச விலையை எழுதிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இதுக்குக் கீழே ஒரு ரூபா குறைஞ்சாலும் ஆத்துக்கு எடுத்துண்டு போயிடுவேன்."

கரீம் பாய்

திருவல்லிக்கேணியில் கடிகாரம் பழுது பார்க்கும் கரீம் பாய், பின்மூடியைத் திறந்து பார்த்ததுமே மூடிவிட்டார். உள்ளே கடுகளவில் இரண்டு சுத்தியல்கள். ஒரு திருகாணி ஒடிந்தால் மெட்ராஸில் கிடைக்காது, வேண்டாம் என்றார். மறுநாள் சாப்பாட்டு வேளையில் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். நாலாம் நாள் கடிகாரத்துக்குக் கையை நீட்டினார்.

பத்து நாள் அவர் எதிரிலேயே ஸ்டூலில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டேன். பதினோராம் நாள் விசையை இழுத்தார். அடித்தது. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். கரீம் பாய் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நான் ஒண்ணும் பண்ணல சார். எண்ணெய் இறுகிப் போய் வாய அடைச்சிக்கினு இருந்துது. எடுத்தேன், பேசுது."

கடைசி வரிசை

கடிகாரம் தனி நம்பரில் வந்த அன்று, வழக்கமாக ஏலம் எடுக்கும் வியாபாரிகள் நாலு பேரும் விலையை ஏற்றுவதில்லை என்று டீக்கடையிலேயே பேசிவைத்துவிட்டார்கள். டீச்சர் கேட்டதில் பாதிக்கு மேல் ஒருவரும் வாய் திறக்கவில்லை. டீச்சர் கடிகாரத்தை எடுத்துக்கொள்ள எழுந்தார். முதலாளியிடம் ஒரு நிமிஷம் கேட்டு, ஃபேன்களை நிறுத்தச் சொல்லி, விசையை இழுத்தேன். கனத்த குரலில் பதினொன்று. இரட்டைத் தட்டு ஒன்று, அது கால் மணி. பிறகு மெல்லிய குரலில் ஏழு, அது நிமிஷம்.

"பதினொண்ணு இருபத்திரெண்டு" என்றது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். அடையாறில் ஏற்றுமதி வியாபாரம் செய்கிறவர். பார்வை போய் ஆறு வருஷம். டைனிங் டேபிள் வாங்க வந்த மனைவியோடு துணைக்கு வந்திருந்தார். கையைத் தூக்கினார். வியாபாரிகள் விழித்துக்கொண்டு விலையை ஏற்றினார்கள். அவர் தூக்கிய கையை இறக்கவே இல்லை. டீச்சர் கேட்டதைத் தாண்டி வெகுதூரம் போன பிறகு நாலு பேரும் அடங்கினார்கள்.

பெட்டியில் வைத்துத் தரட்டுமா என்றேன். அவர் மணிக்கட்டை நீட்டினார்: "கட்டி விடுங்க தம்பி. இனிமே மணி என்னன்னு நான் யாரையும் கேக்க வேண்டியதில்ல."

கொண்டுவந்த பணமெல்லாம் கடிகாரத்துக்கே போய், அவர் மனைவி வாங்க வந்த டைனிங் டேபிள் விலைபோகாமல் நின்றதற்கு மட்டும் முதலாளி என்னிடம் ஒரு வாரம் விளக்கம் கேட்டுக்கொண்டிருந்தார்.